தனியார் பள்ளியில் படிக்கும் விளையாட்டு வீராங்கனையைக் கல்லூரிகள் எப்படித் தேர்ந்தெடுக்கின்றன?

முக்கூடல் தபால்காரர் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். முக்கூடலுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் கிளை அஞ்சலகத்தில் பணியாற்றுகிறேன். வீட்டில் பீடி சுற்றுகிறார்கள். எங்கள் மூத்த மகள் இப்போது பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். எட்டாம் வகுப்பு வரை ஊரிலுள்ள அரசுப் பள்ளியில் படித்தவளை, குறுவட்டப் போட்டியில் அவள் வாலிபால் ஆடியதைப் பார்த்த ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியினர் வீடு தேடி வந்து, கல்விக் கட்டணம் வேண்டாம், வேன் கட்டணம் மட்டும் கட்டினால் போதும் என்று சொல்லி ஒன்பதாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள். அவள் உயரம் 174 செ.மீ. வலைக்கு நடுவில் நின்று தடுத்து ஆடுகிறாள். மாவட்ட அணிக்கு இருமுறையும், பள்ளி அணியோடு மாநில அளவிலான போட்டிக்கு ஒருமுறையும் போய்வந்திருக்கிறாள்.

பள்ளி நிர்வாகம் சொல்வது இது: “பன்னிரண்டாம் வகுப்பு வரை எங்களிடமே இருக்கட்டும். கல்லூரிக்காரர்கள் நேரே இங்கு வந்து பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போவார்கள்.” சென்ற மாதம் வெளியூரில் நடந்த ஒரு போட்டியில், சென்னையிலுள்ள தனியார் கல்லூரி ஒன்றின் பயிற்சியாளர் என்று அறிமுகப்படுத்திக்கொண்ட ஒருவர் என் கைப்பேசி எண்ணை வாங்கிக்கொண்டு, எல்லாம் இலவசம், பிள்ளையை மட்டும் அனுப்புங்கள் என்றார். எந்தப் பாடப்பிரிவு என்று கேட்டதற்கு, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அந்தப் பதில்தான் என்னை இங்கே எழுத வைத்தது.

உண்மையிலேயே தனியார் பள்ளிப் பிள்ளைகளைத்தான் கல்லூரிகள் அதிகம் விரும்புகின்றனவா? வாய்மொழியாகச் சொல்லும் சலுகையை எந்த அளவுக்கு நம்பலாம்? மகளுக்கு அடுத்தவன் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பில் இருக்கிறான். அவனும் நன்றாக ஆடுகிறான் என்று கேள்விப்பட்டு, அதே பள்ளியினர் இப்போது அவனையும் கேட்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற பி.டி., பாளையங்கோட்டை:

ஐயா, அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், ஆட்களைத் தேடி அலைந்த பக்கத்திலிருந்து இதற்குப் பதில் சொல்கிறேன்.

கல்லூரி பள்ளியைப் பார்த்துப் பிள்ளையை எடுப்பதில்லை; பிள்ளை கண்ணில் படும் இடத்தில் எடுக்கிறது. அப்படிக் கண்ணில் படும் இடங்கள் சிலவே: பள்ளிக் கல்வித் துறை நடத்தும் குடியரசு தின விளையாட்டுப் போட்டிகளின் மாநிலச் சுற்று, வாலிபால் கழகத்தின் மாநிலப் போட்டிகள், முதலமைச்சர் கோப்பை, ஊர்ப் பெரியவர்கள் பெயரில் நடக்கும் கோப்பைப் போட்டிகள். தனியார் பள்ளிக்குச் சொந்தமாக வேன் இருக்கிறது. போட்டிக்குப் போய்வரும் செலவு விளம்பரக் கணக்கில் எழுதப்படுகிறது. ஆகவே அந்தப் பிள்ளைகள் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு மைதானத்தில் நிற்கிறார்கள். அரசுப் பள்ளி ஆசிரியரோ பேருந்துக் கட்டணத்துக்கே தன் சட்டைப்பையைத் தடவவேண்டிய நிலையில் இருக்கிறார். உங்கள் பள்ளி நிர்வாகம் சொல்வதில் உள்ள உண்மை இவ்வளவுதான்.

இனி, தேர்வு எப்படி நடக்கிறது என்பது. ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி மாதத்தில் நான் முதலில் எழுதுவது வரப்போகிறவர்களின் பட்டியலை அன்று, போகப்போகிறவர்களின் பட்டியலை. மூன்றாம் ஆண்டு முடிக்கும் செட்டர், அதாவது அடிப்பவருக்குப் பந்தை எடுத்துக் கொடுப்பவர், ஒருவர் இருந்தால் செட்டரைத் தேடுவேன்; நடுவில் தடுக்கும் ஆட்கள் மூவர் முதலாண்டிலேயே இருந்தால், மாநிலப் பதக்கத்தோடு ஒரு பெண் வந்து நின்றாலும் அவளைப் பெஞ்சில் உட்கார வைக்கத்தான் என்னால் முடியும். அதனால் அந்தச் சென்னைப் பயிற்சியாளரிடம் நீங்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வி கட்டணத்தைப் பற்றியது அன்று. உங்கள் மகள் நிற்கும் இடத்தில் இப்போது எத்தனை பேர் ஆடுகிறார்கள், அவர்கள் எந்தெந்த ஆண்டில் படிக்கிறார்கள் என்று கேளுங்கள். உண்மையான தேவை உள்ளவர் தயங்காமல் சொல்வார்.

பெண்களுக்கான வலையின் உயரம் 2.24 மீட்டர். தேர்வு முகாமில் நின்றபடி கை எட்டும் உயரத்தையும் குதித்து எட்டும் உயரத்தையும் சுவரில் சுண்ணாம்புக் கோடு போட்டு அளப்போம். 174 செ.மீ. என்பது நம் மாவட்டத்தில் நல்ல உயரம். ஆனால் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான அகில இந்தியச் சுற்றில் நடுவில் நிற்பவர்கள் இன்னும் உயரமாக இருப்பார்கள். எனவே அவள் ஓரத்திலிருந்து அடிக்கவும், எதிரணியின் சர்வீஸை வாங்கவும் இப்போதே பழகிக்கொள்வது நல்லது. இரண்டு இடங்களில் ஆடத் தெரிந்த பெண்ணை எந்தக் கல்லூரியும் விடாது. இன்னொன்றும் சொல்கிறேன்: முகாமில் நான் கவனிப்பது நல்ல அடியை அல்ல. பந்து ஒன்றைத் தவறவிட்ட பிறகு அந்தப் பெண் அடுத்த பந்துக்கு எப்படி நிற்கிறாள் என்பதைத்தான் கவனிப்பேன்.

கல்லூரிகளுக்கு இதில் என்ன ஆதாயம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கல்லூரிகளுக்குத் தரம் வழங்கும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில் மாணவர்கள் வாங்கிய பதக்கங்களுக்குத் தனியே இடம் உண்டு. பல்கலைக்கழகங்கள் என்றால் மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பைக்கான புள்ளிகளும் உண்டு. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின்கீழ் நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி ஆகிய நான்கு மாவட்டங்களின் கல்லூரிகள் இருக்கின்றன. உங்கள் மகள் அவற்றுள் ஒன்றில் சேர்ந்தால், முதலில் கல்லூரிகளுக்கு இடையே ஆடி, பிறகு நான்கு மாவட்டப் பெண்களோடும் போட்டியிட்டுப் பல்கலைக்கழக அணிக்குள் நுழையவேண்டும். நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் இந்த இடைப்படி இல்லை. அங்குள்ள அணி நேரே பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான தென்மண்டலப் போட்டிக்குப் போகிறது. ஆனால் அந்தக் காரணத்தாலேயே அவர்கள் மாநிலம் முழுவதிலும், சில வேளைகளில் கேரளத்திலிருந்தும் ஆள் எடுக்கிறார்கள். சொந்த ஊர்க் கல்லூரியில் ஆறு பேரில் ஒருத்தியாக மூன்று ஆண்டும் ஆடுவதா, அங்கே பதினான்காவது ஆளாகப் பயிற்சிக்கு மட்டும் நிற்பதா என்பதை யோசித்துப் பாருங்கள்.

“எல்லாம் இலவசம்” என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. அரசு உதவி பெறும் பிரிவில் கல்விக் கட்டணமே சிறு தொகைதான். அதைத் தள்ளுபடி செய்தோம் என்பதில் பெருமை ஒன்றும் இல்லை. குடும்பத்தை அழுத்துவது விடுதியும் மெஸ்ஸும்தான். அவை இரண்டும் அந்த “எல்லாம்” என்பதில் அடங்குமா என்று கேளுங்கள்.

வள்ளியூர் உடற்கல்வி ஆசிரியர்:

பெரியவர் சொன்னதை மதிக்கிறேன். ஆனால் கண்ணில் படுவது மட்டுமே கணக்கு என்றால், அந்தப் பிள்ளைக்கு முதன்முதலில் பந்து பிடிக்கக் கற்றுக்கொடுத்த அரசுப் பள்ளி ஆசிரியரின் பெயர் எங்கும் வராது. நான்கு ஆண்டுகள் நாங்கள் மண் தரையில் ஆட வைத்து உருவாக்கும் பிள்ளையை ஒன்பதாம் வகுப்பில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. போகட்டும், இது என் ஆதங்கம்.

தபால்கார அண்ணாச்சி கவனிக்கவேண்டியது வேறொன்று. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது; அந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதலும், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 முதலும் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. ஒன்பதாம் வகுப்பில் மெட்ரிக் பள்ளிக்கு மாறியபோதே உங்கள் மகள் இவை அனைத்தையும் இழந்துவிட்டாள். அன்று வீடு தேடி வந்தவர்கள் இதைச் சொல்லியிருக்கமாட்டார்கள். மகள் விஷயத்தில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை. மகன் இன்னும் எட்டாம் வகுப்பில்தானே இருக்கிறான்?

தனியார் பள்ளி என்று எல்லாவற்றையும் ஒன்றாகவும் பார்க்கக்கூடாது. மெட்ரிக் பள்ளிகள் நம்மோடு சேர்ந்து கல்வித் துறைப் போட்டிகளில் ஆடுகின்றன. சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்கு, அவற்றை வட்டாரவாரியாகத் தொகுத்து நடத்தும் கிளஸ்டர் போட்டி என்று தனிப்பாதை. அங்கு வென்று மேலே போகிறவர்கள் தேசியப் பள்ளி விளையாட்டுகளில் தமிழ்நாட்டுக்காக அல்லாமல் சி.பி.எஸ்.இ. அணிக்காக ஆடுகிறார்கள்.

அரசு நடத்தும் வழியும் உண்டு. விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளுக்குத் தேர்வாகும் பிள்ளைகளுக்கு உணவும் தங்குமிடமும் பயிற்சியும் கிடைக்கின்றன. கோவில்பட்டி ஹாக்கி விடுதியில் பயின்ற கார்த்தியும், அதே ஊர்க்காரரான மாரீஸ்வரனும் 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்காக ஆடி வெண்கலம் வென்றார்கள். அவர்களை எந்தத் தனியார் பள்ளியின் வேனும் ஏற்றிக்கொண்டு போகவில்லை.

தென்காசி செட்டர்:

அண்ணாச்சி, நான் உங்கள் மகள் நிற்கும் இடத்தில் நின்றவள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தென்காசிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் படித்து, வாய்மொழி உறுதியை நம்பிச் சென்னைக் கல்லூரி ஒன்றில் பி.காம். சேர்ந்தேன். முதலாண்டு முழுவதும் சொன்ன சொல் காப்பாற்றப்பட்டது. உணவும் பயிற்சியும் நன்றாகவே இருந்தன, அதில் குறை சொல்ல மாட்டேன். இரண்டாம் ஆண்டு ஆகஸ்டில் பயிற்சியின்போது குதித்து இறங்கியதில் முழங்காலில் லிகமென்ட் கிழிந்தது. அறுவைச் சிகிச்சைக்கு அப்பா நகையை அடகு வைத்தார். ஊன்றுகோலோடு விடுதிக்குத் திரும்பிய வாரத்தில், அந்த ஆண்டுக்கான விடுதிக் கட்டணத்தைச் செலுத்தவேண்டும் என்று அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வந்தது. என்னை அழைத்து வந்த பயிற்சியாளரிடம் கேட்கலாம் என்றால், அவர் அதற்கு முந்தைய கோடையிலேயே வேறு கல்லூரிக்கு மாறிப் போயிருந்தார். அவர் கொடுத்த வாக்கு அவரோடு போய்விட்டது. கல்லூரியின் எந்தக் கோப்பிலும் அது எழுதப்படவில்லை.

விலகிவிடலாம் என்று முடிவெடுத்தபோது அசல் சான்றிதழ்கள் அவர்களிடம் இருந்தன. அசல் சான்றிதழ்களைக் கல்வி நிறுவனங்கள் பிடித்து வைக்கக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்திருக்கிறது என்பதை ஒரு சீனியர் அக்கா சொன்னார். அந்த அறிவிப்பின் நகலோடு போய் நின்ற அன்றே சான்றிதழ்கள் கைக்கு வந்தன. பிறகு ஊருக்கு வந்து படிப்பை முடித்தேன். இப்போது ரயில்வேயில் இருக்கிறேன். விளையாட்டு ஒதுக்கீட்டில் அல்ல, தேர்வெழுதித்தான்.

ஆகவே, கடிதம் கல்லூரி முதல்வரின் கையெழுத்தோடு வரவேண்டும். பயிற்சியாளரின் வாட்ஸ்அப் செய்தி கடிதம் ஆகாது. சலுகை ஓராண்டுக்கா, படிப்பு முடியும்வரையா என்பது அதில் இருக்கவேண்டும். காயம் பட்டு ஆட முடியாமல் போனால் என்ன ஆகும், சிகிச்சைச் செலவை யார் ஏற்பார்கள் என்பது கட்டாயம் இருக்கவேண்டும். இந்த வரியைக் கேட்டவுடன் முகம் மாறுகிற கல்லூரி எது என்று பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். போட்டிக்குப் போகும் நாட்களுக்கு வருகைப்பதிவு கிடைக்குமா, தவறவிட்ட உள்மதிப்பீட்டுத் தேர்வை மறுபடி நடத்துவார்களா என்றும் கேளுங்கள். பாடப்பிரிவை “அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்று சொன்னாரே, அதற்கு நான் அறிந்த பொருள், எந்தப் பிரிவில் இடம் காலியாக இருக்கிறதோ அதில் போடுவோம் என்பது. என்னோடு வந்த ஒரு பெண் கணினி அறிவியல் கேட்டு, வேறு ஏதோ பிரிவில் உட்கார்ந்து மூன்று ஆண்டையும் கழித்தாள்.

முக்கூடல் தபால்காரர்:

மூவருக்கும் நன்றி. 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டைப் பற்றி அன்று எங்களுக்குத் தெரியாது. படித்துவிட்டு வீட்டில் வெகுநேரம் யாரும் பேசவில்லை.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். சான்றிதழ்களில் எது செல்லும், எது செல்லாது? எங்கள் அஞ்சல் துறையிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்கள் உண்டு என்பதால் கேட்கிறேன். மற்றொன்று, என் மைத்துனர் பெங்களூருவில் ஒரு நிறுவனத்தைப் பற்றிச் சொல்கிறார். அவர்கள் பணம் வாங்கிக்கொண்டு அமெரிக்கக் கல்லூரிகளில் விளையாட்டு உதவித்தொகை வாங்கித் தருவார்களாம். உதவித்தொகை கிடைத்தால் அதிலும் ஒரு பங்கு கேட்பார்களாம். இது நடக்கிற காரியமா?

ஓய்வுபெற்ற பி.டி., பாளையங்கோட்டை:

சான்றிதழுக்கு மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். மத்திய அரசுப் பணிகளுக்கான விதியில், மாநில அணிக்காகத் தேசியப் போட்டியில் ஆடியதற்குப் படிவம் 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குப் படிவம் 3, தேசியப் பள்ளி விளையாட்டுகளுக்குப் படிவம் 4 என்று வகுத்திருக்கிறார்கள். ஊர்க் கோப்பைப் போட்டியில் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுக்கும் சான்றிதழ் சுவரில் மாட்ட உதவும். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் தனியே இருக்கின்றன. மகள் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதப் பிரிவில் இருந்தால் அந்த வழியையும் மூடிவிட வேண்டாம். வள்ளியூர் ஆசிரியர் சொன்னது சரிதான். பிள்ளையை உருவாக்கியவரின் பெயரை நானும் எத்தனையோ முறை கேட்காமலே பிள்ளைகளைச் சேர்த்திருக்கிறேன்.

நாங்குநேரியான், டெக்சாஸ்:

அமெரிக்கக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். என் மகள் இங்கே பள்ளியில் வாலிபால் ஆடுகிறாள். ஆகவே இந்தச் சந்தையை மூன்று ஆண்டுகளாகப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன்.

கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பில் மூன்று பிரிவுகள் உண்டு. முதல் இரண்டு பிரிவுகளில் விளையாட்டுக்கென உதவித்தொகை தரலாம். மூன்றாம் பிரிவில் தரக்கூடாது. ஹார்வர்டு, யேல் போன்ற ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் முதற்பிரிவில் இருந்தும் விளையாட்டு உதவித்தொகை தருவதில்லை. ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை 16 அடிப்படைப் பாடங்கள் படித்திருக்கவேண்டும். அவற்றின் மதிப்பெண் சராசரி, நான்குக்கு, முதற்பிரிவுக்கு 2.3, இரண்டாம் பிரிவுக்கு 2.2 என்ற அளவுக்குக் குறையக்கூடாது. வாலிபாலில் பயிற்சியாளர்கள் பத்தாம் வகுப்பு முடிந்த பின் ஜூன் 15 முதல் மாணவிகளோடு நேரே பேச அனுமதி உண்டு. பெரிய கல்லூரிகள் அந்த வாரத்திலேயே தங்கள் பட்டியலைப் பாதி முடித்துவிடுகின்றன. என்.சி.ஏ.ஏ. மீது வீரர்கள் தொடுத்த வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டுக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளில் உதவித்தொகைகளுக்கு இருந்த எண்ணிக்கை வரம்பு போய், அணிக்கு இத்தனை பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. வாலிபாலுக்கு அது 18. பதினொன்றாம் வகுப்பின் நடுவில், ஆட்டக் காணொளிகூட இல்லாமல் தொடங்குவது மிகவும் தாமதம்.

உதவித்தொகையில் பங்கு கேட்கும் நிறுவனத்திடம் போகவே வேண்டாம். சேவைக்கு நிலையான கட்டணம் வாங்கலாமே தவிர, கிடைக்கும் உதவித்தொகையைக் கணக்கிட்டுப் பணம் வாங்குவது என்.சி.ஏ.ஏ. விதிக்கு முரணானது, அதனால் உங்கள் மகளின் தகுதிக்கே கேடு வரும்.

ஒரு விஷயம் வள்ளியூர் ஆசிரியருக்கு ஆறுதலாக இருக்கலாம். தனியார் பள்ளிகள் பிள்ளைகளை இழுத்துக்கொள்கின்றன என்ற புகார் இங்கும் இருக்கிறது. இல்லினாய் மாநிலத்தில் பள்ளிகளை மாணவர் எண்ணிக்கைப்படி பிரித்து ஆட விடுகிறார்கள்; அதில், எல்லை இல்லாமல் மாணவர்களைச் சேர்க்கும் பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கையை 1.65 ஆல் பெருக்கி, பெரிய பள்ளிகளோடு மோத வைக்கிறார்கள். நான் இருக்கும் டெக்சாஸில் அரசுப் பள்ளிகளுக்கும் தனியார் பள்ளிகளுக்கும் பெரும்பாலும் தனித்தனி அமைப்பே உண்டு. மேலும், வாலிபாலைப் பொறுத்தவரை இங்குள்ள கல்லூரிப் பயிற்சியாளர்கள் பள்ளி ஆட்டங்களைவிடக் கிளப் போட்டிகளைத்தான் அதிகம் போய்ப் பார்க்கிறார்கள். அந்தக் கிளப்புகளுக்குப் பெற்றோர் கட்டும் பணத்தை நம்மூர்க் கணக்கில் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

முக்கூடல் தபால்காரர்:

அனைவருக்கும் மீண்டும் நன்றி. மைத்துனரிடம் அமெரிக்க யோசனை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சென்னைப் பயிற்சியாளரை நேற்று அழைத்து, பெரியவரும் தங்கையும் சொன்னபடி வரிசையாகக் கேட்டேன். மகள் நிற்கும் இடத்தில் இரண்டு பேர் இருப்பதாகவும், ஒருத்தி அடுத்த ஆண்டு முடிப்பதாகவும் உடனே சொன்னார்; அது எனக்குப் பிடித்திருந்தது. விடுதியும் மெஸ்ஸும் மூன்றாண்டுகளுக்கும் உண்டு, முதல்வரின் கடிதம் வாங்கித் தருகிறேன் என்றார். காயம் பற்றிக் கேட்டபோது மட்டும், “அதெல்லாம் எழுதிக் கொடுக்கும் வழக்கம் இல்லை சார்” என்றார். இன்னும் ஓராண்டுக்கு மேல் இருப்பதால் நானும் வற்புறுத்தவில்லை. மகளிடம் சொன்னதற்கு, கடிதம் வந்தாலும் வராவிட்டாலும் பாளையங்கோட்டையிலும் ஒரு தேர்வு முகாமுக்குப் போய்ப் பார்க்கிறேன் என்கிறாள். ஓரத்திலிருந்து அடித்துப் பழகுவதற்குத் தன் பழைய அரசுப் பள்ளி ஆசிரியரிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் போகத் தொடங்கியிருக்கிறாள்.

மகனை இருக்கும் பள்ளியிலேயே விடுவதென்று முடிவு செய்துவிட்டோம். அவனுக்குத்தான் என்மேல் கோபம். அந்தப் பள்ளியில் கொடுக்கும் சட்டையில் முதுகில் பெயர் அச்சிட்டிருக்குமாம்.